ஒரே நிட்டினால் கம்பி, இழுக்கும்போதெல்லாம் ஒரு வரைபடம்: எந்த எண்ணை எடுப்பது?

கம்பிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காக 1 மி.மீ. விட்டமுள்ள நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) கம்பியை யுடிஎம் என்ற இழுவைச் சோதனை இயந்திரத்தில் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறேன். சூப்பர்எலாஸ்டிக் ரகம், அதாவது பல சதவீதம் இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். கூட வந்த சான்றிதழில் ஏ-எஃப் வெப்பநிலை (சூடாக்கும்போது கம்பி முழுவதும் ஆஸ்டினைட் என்ற அமைப்புக்கு மாறி முடியும் இடம்) 12 டிகிரி, மேல் சமதளத் தகைவு (இழுக்கும்போது தகைவு ஏறாமல் கம்பி நீளும் இடம்) 480 மெகாபாஸ்கல் என்று போட்டிருக்கிறது.

காலையில் மெதுவாக இழுத்தால் 470-க்குப் பக்கத்தில் நூல் பிடித்த மாதிரி சமதளம் வருகிறது. மதியம் ஏசி நின்ற பிறகு அதே சுருளிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டு 510-ஐத் தாண்டுகிறது. வேகத்தைக் கூட்டினால் சமதளம் என்பதே இல்லை. 480-இல் தொடங்கி, 6 சதவீதத் திரிபை எட்டும்போது 600-க்கு மேல் ஏறி நிற்கிறது. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப இழுத்தால் 420-க்கு இறங்கிவிடுகிறது. பாரத்தை எடுத்த பிறகும் கொஞ்சம் நீளம் மிச்சமாகிறது.

விசையை அளக்கும் லோட் செல்லைச் சரிபார்த்தாயிற்று. மைல்ட் ஸ்டீல் துண்டுக்கு ஒழுங்கான எண் வருகிறது. இந்தக் கம்பியை வைத்து ஒரு சின்ன அதிர்வுத் தணிப்பானை ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் மாடல் பண்ண வேண்டும். மேல் சமதளத்துக்கு மென்பொருள் ஒரே ஒரு எண்தான் கேட்கிறது. "சராசரி போட்டுவிடு" என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. எதைப் போடுவது?

பற்சக்கரம்

கிரிப்பில் வழுக்குகிறதா பாருங்க. பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துடும்.

உலோகன்

வழுக்கினால் திரிபுதான் தப்பாக வரும், தகைவு இப்படி ஏறி இறங்காது. தம்பி சொல்லும் வரைபடங்கள் அத்தனையும் சரியாகவே இருக்கின்றன. சராசரி மட்டும் போட்டுவிடாதீர்கள். நான்கு வெவ்வேறு சோதனைகளின் சராசரிக்கு ஒரு பொருளும் கிடையாது.

எஃகை இழுக்கும்போது அறை வெப்பநிலை 25-ஆ 32-ஆ என்று யாரும் கேட்பதில்லை. அதே பழக்கத்தோடு நிட்டினாலுக்கு வருவதால்தான் இந்தக் குழப்பம். இங்கே நீங்கள் பார்க்கும் சமதளம், பொருள் நிரந்தரமாக இளகும் இடம் இல்லை. கனசதுரப் படிக அமைப்பில் இருக்கும் ஆஸ்டினைட், ஒற்றைச்சரிவு அமைப்புள்ள மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. குளிரவைத்தால் தானாக நடக்கும் அதே கட்டமாற்றத்தை நீங்கள் இழுத்து நடத்துகிறீர்கள். கம்பி எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆஸ்டினைட் நிலைத்து நிற்கும். அதை மாற்ற அவ்வளவு கூடுதலாக இழுக்க வேண்டும்.

எவ்வளவு கூடுதல் என்பதற்கு, மாற்றத் தகைவையும் வெப்பநிலையையும் இணைக்கும் பழைய கிளாசியஸ்-கிளாப்பிரான் சமன்பாடே போதும். நிட்டினாலுக்கு அந்தச் சரிவு டிகிரிக்கு 5 முதல் 8 மெகாபாஸ்கல். பொதுவாக 6.5 என்று எடுப்போம். ஏசி நின்று அறை 6 டிகிரி ஏறியிருந்தால் 39 மெகாபாஸ்கல். உங்கள் 470, 510 கணக்கு அப்படியே உட்காருகிறதா? சோதனை நடந்த நேரத்து வெப்பநிலையை எழுதி வைத்திருக்கிறீர்களா?

கம்பிக்காரன்

அறைச் சுவரில் இருக்கும் தெர்மாமீட்டர் எண்தான் இருக்கிறது அண்ணா. காலை 23, மதியம் 29.

வேகத்துக்கும் இதே காரணமா? அறை வெப்பநிலை மாறாமலே வேகமாக இழுத்தால் ஏறுகிறதே?

அனல்மொழி

அதுவும் வெப்பநிலைதான். அறையை விட்டுவிட்டுக் கம்பியின் வெப்பநிலையைப் பாருங்கள்.

ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாக மாறும்போது உள்ளுறை வெப்பம் வெளிவரும். கிராமுக்கு ஏறத்தாழ 20 ஜூல். தன்வெப்பம் கிராமுக்கு, டிகிரிக்கு அரை ஜூலுக்குப் பக்கம். வெப்பம் கொஞ்சமும் வெளியேறாமல் கம்பி முழுவதும் மாறிவிட்டால் 40 டிகிரி வரை ஏறலாம். உலோகன் சொன்ன 6.5-ஆல் பெருக்கினால் 260 மெகாபாஸ்கல். இது மேல் எல்லை. நிஜத்தில் கொஞ்சம் வெப்பம் காற்றுக்கும் கிரிப்புக்கும் போய்விடும். உங்கள் கம்பி 120 ஏறியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அகச்சிவப்பு கேமரா வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மெதுவாக இழுக்கும்போது கம்பி முழுவதும் ஒரே சீராக மாறுவதில்லை. பெரும்பாலும் கிரிப்பை ஒட்டி ஓர் இடத்தில் மாற்றம் பிறந்து, ஒரு முகப்பாகக் கம்பி நெடுக நகரும். முகப்புக்குப் பின்னால் 5, 6 சதவீதத் திரிபு, முன்னால் 1 சதவீதம். அந்த முகப்பில் மட்டும் ஒரு சூடான வளையம் தெரியும். வேகத்தைக் கூட்டினால் அந்த வளையம் ஆறுவதற்கு நேரமில்லை. அந்த இடத்தில் மாற்றத்துக்குத் தேவையான தகைவு ஏறிவிடுவதால், இன்னும் சூடேறாத வேறோர் இடத்தில் புது முகப்பு பிறக்கும். இன்னும் வேகமாக இழுத்தால் பல இடங்களில் ஒரே சமயத்தில். கடைசியில் கம்பி முழுவதும் சூடாகி, வரைபடம் சாய்ந்து ஏறும்.

பாரத்தை இறக்கும்போது நேர்மாறு. மார்ட்டென்சைட் திரும்ப ஆஸ்டினைட் ஆவதற்கு வெப்பம் வேண்டும், கம்பி அறையைவிடக் குளிரும், கீழ்ச் சமதளம் இன்னும் கீழே இறங்கும். விரல் சுடுகிற அளவுக்கு வேகமாக இழுத்து, பிடித்தபடியே ஆறவிட்டு, சட்டென்று தளர்த்திப் பாருங்கள். கம்பி சில்லென்று ஆகும். எலாஸ்டோகலோரிக் குளிரூட்டி என்று இப்போது ஆராய்கிறார்களே, அதன் அடிப்படையே இந்தச் சில்லிப்புதான்.

இதே கம்பியை அதே வேகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து இழுங்கள். சாய்வு பெருமளவு காணாமல் போகும். 1990-களில் ஷா, கிரியாகிடிஸ் இருவரும் காற்றிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றிச் சோதித்து வெளியிட்ட கட்டுரை இந்த விஷயத்தில் இன்றும் முதலில் படிக்க வேண்டியது.

பற்சக்கரம்

அப்போ மெல்லிசு கம்பியும் தடி கம்பியும் ஒரே வேகத்தில் இழுத்தா வேற வேற வரைபடம் வருமா?

அனல்மொழி

வரும். வெளிவரும் வெப்பம் கன அளவைப் பொறுத்தது, வெளியேறுவது மேற்பரப்பைப் பொறுத்தது. விட்டம் கூடினால் ஆறுவது கஷ்டம். சோதனைத் தரநிலையான ஏஎஸ்டிஎம் எஃப்2516 விட்டம் கூடக்கூட வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கம்பிக்காரன்

//முகப்புக்குப் பின்னால் 5, 6 சதவீதத் திரிபு, முன்னால் 1 சதவீதம்//

இது எனக்கு இன்னொரு புதிரை அவிழ்க்கிறது. கம்பியிலேயே பொருத்தி, 25 மி.மீ. நீளத்தில் மட்டும் நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டினேன். சமதளத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது, பிறகு திடீரென்று ஓடியது, மறுபடியும் நின்றது. கருவிக் கோளாறு என்று நினைத்துக் கழற்றி வைத்துவிட்டேன்.

உலோகன்

அதைத் திரும்ப மாட்டுங்கள். முகப்பு அந்த 25 மி.மீ.-க்கு வெளியே நகரும்போது அது நிற்கும், உள்ளே நுழைந்ததும் ஓடும், கடந்து போனதும் நிற்கும். கருவி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. நீங்கள் மெஷினில் வைக்கும் திரிபு வேகம் கம்பி முழுமைக்குமான கணக்கு. நிஜத்தில் அந்த நேரத்தில் நீள்வது முகப்பை ஒட்டிய சில மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் வேகம் பல மடங்கு. ஆகவே 100 மி.மீ. கம்பியையும் 30 மி.மீ. கம்பியையும் "ஒரே திரிபு வேகத்தில்" சோதித்தேன் என்று கட்டுரையில் எழுதினால், முகப்பு நகரும் வேகம் இரண்டிலும் ஒன்றில்லை. முகப்பு எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் வேகத்தை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கிரிப்பைப் பற்றிப் பற்சக்கரம் கேட்டதிலும் ஒரு நியாயம் உண்டு. முதல் முகப்பு பிறக்க, அது நகரத் தேவைப்படுவதைவிடக் கூடுதல் தகைவு வேண்டும். கிரிப்பின் விளிம்பில் ஏற்கனவே தகைவு குவிந்திருப்பதால் அங்கே சுலபமாகப் பிறந்துவிடுகிறது. அதனால் அந்த ஆரம்ப முகடு வரைபடத்தில் தெரியாமலே போகிறது. நடுவில் மெலிந்த மாதிரித்துண்டில்தான் அது முழுதாகத் தெரியும்.

கம்பிக்காரன்

சரி. வெப்பநிலையும் வேகமும் புரிகிறது. திரும்பத் திரும்ப இழுத்தால் இறங்குவது? அதை நிதானமாக, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுத்தான் செய்தேன். அங்கே வெப்பத்தைக் குறை சொல்ல முடியாதே.

வாணி

அது பொருளுக்கு நேரும் மாற்றம். நான் மருத்துவக் கருவிப் பக்கம் வேலை செய்கிறவள், எங்களுக்கு இது அன்றாட விஷயம்.

மாற்றத்தின் முகப்பு ஒவ்வொரு முறை கடக்கும்போதும், இரண்டு படிக அமைப்புகளும் அளவில் கச்சிதமாகப் பொருந்தாததால், எல்லையில் டிஸ்லொகேஷன்கள் (படிக அடுக்கில் விழும் கோடு போன்ற குறைகள்) உருவாகின்றன. அங்கங்கே திரும்ப மாறாமல் சிக்கிக்கொண்ட மார்ட்டென்சைட்டும் தங்கிவிடும். உங்களுக்கு மிச்சமாகும் நீளம் இந்த இரண்டும் சேர்ந்தது. அந்த டிஸ்லொகேஷன்களைச் சுற்றியுள்ள உள்தகைவு, அடுத்த முறை மார்ட்டென்சைட் பிறக்க உதவி செய்யும். ஆகவே மேல் சமதளம் இறங்கும். கீழ்ச் சமதளமும் இறங்கும், ஆனால் அவ்வளவு இல்லை. அதனால் ஏறும் கோடும் இறங்கும் கோடும் சேர்ந்து வரையும் கண்ணி ஒடுங்கும். முதல் சில சுழற்சிகளில் மாற்றம் பெரிது. பிறகு மெல்லக் குறைந்து, நூறை ஒட்டிய சுழற்சிகளில் ஓரளவு நிலைத்துவிடும்.

நீங்கள் தணிப்பான் செய்யப்போவதால், பொருத்துவதற்கு முன்பே கம்பியைப் பழக்கிவிடுங்கள். வேலை செய்யப்போகும் திரிபைவிடக் கொஞ்சம் அதிகமாக, சமதளம் நகர்வது நிற்கும் வரை இழுத்து இறக்குங்கள். பழக்காத கம்பியின் எண்ணை மாடலில் போட்டால் முதல் அதிர்வுக்கு மட்டும்தான் அது சரியாக வரும்.

கம்பியைத் தயாரித்தவர்கள் எவ்வளவு குளிர்வேலை (சூடாக்காமல் இழுத்துக் கடினமாக்குவது) செய்தார்கள், எந்த வெப்பநிலையில் நேராக்கினார்கள் என்பதும் முக்கியம். நன்றாகக் குளிர்வேலை செய்து 450 முதல் 500 டிகிரியில் குறுகிய நேரம் சூடாக்கிய கம்பியில் மணிகள் (உலோகத்துக்குள் இருக்கும் குட்டிப் படிகங்கள்) நானோமீட்டர் அளவில் பொடியாக இருக்கும், டிஸ்லொகேஷன் நகர்வது கடினம், சமதளம் சீக்கிரம் நிலைக்கும். அதே கம்பியை 700, 800 டிகிரியில் வாட்டினால் மணிகள் பெருத்துவிடும், மிச்ச நீளம் மோசமாகும். முழுசாக மிருதுவாக்கிவிட்டு "ஏன் சூப்பர்எலாஸ்டிக் வரவில்லை" என்று கேட்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

உலோகன்

வாணி சொன்ன சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 350 முதல் 500 டிகிரிக்குள் நிக்கல் அதிகமுள்ள கம்பியை வைத்தால் நிக்கல் மிகுந்த வீழ்படிவுத் துகள்கள் பிரியும். சுற்றியுள்ள உலோகத்தில் நிக்கல் குறையும், ஏ-எஃப் ஏறும். அணு விகிதத்தில் 0.1 சதவீத நிக்கல் மாறினாலே மாற்ற வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு நகரும் கலவை இது. சாதாரண வேதிப் பகுப்பாய்வில் இந்தத் துல்லியத்துக்கு உறுதி தர முடியாது. அதனால்தான் தொழிலில் யாரும் கலவை சதவீதத்தை வைத்து வியாபாரம் பேசுவதில்லை, ஏ-எஃப் எண்ணை வைத்துப் பேசுகிறார்கள்.

கம்பியை உங்கள் பட்டறையில் வடிவமைக்க உலையில் வைத்தீர்களானால், சான்றிதழில் இருக்கும் 12 டிகிரி அன்றோடு செல்லாது. டிஎஸ்சியிலோ (சூடாக்கி ஆற்றும்போது வெப்ப ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி), வளைத்து விட்டு மெல்லச் சூடாக்கும் சோதனையிலோ திரும்ப அளக்க வேண்டும்.

பற்சக்கரம்

குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். நான் பண்றது ஆக்சுவேட்டர். மின்சாரம் விட்டா சுருங்குற 0.15 மி.மீ. கம்பி. அதுக்கும் இதே கணக்குதானா? 300 கிராம் பாரம் போட்டா, சொன்ன வெப்பநிலையில முழுசா சுருங்க மாட்டேங்குது.

உலோகன்

அதே கணக்குதான். 0.15 மி.மீ. விட்டத்துக்குக் குறுக்குப் பரப்பு 0.0177 சதுர மி.மீ. 300 கிராம் என்றால் 2.94 நியூட்டன். தகைவு 166 மெகாபாஸ்கல். 6.5-ஆல் வகுத்தால் 25 டிகிரி. பாரமில்லாமல் 70 டிகிரியில் மாறி முடிக்கும் கம்பி, இந்தப் பாரத்தோடு 95-இல்தான் முடிக்கும். சூடாக்கும்போது மட்டுமில்லை, ஆறும்போதும் நான்கு மாற்ற வெப்பநிலைகளும் (இரு திசையிலும் மாற்றம் தொடங்கும், முடியும் இடங்கள்) மேலே நகர்ந்துவிடும். அது உங்களுக்கு லாபம். சீக்கிரமே நீள ஆரம்பிக்கும்.

இதில் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தொங்கும் பாரம் என்றால் தகைவு மாறாது. கம்பி சுருங்கும்போது எதிரே ஸ்பிரிங் இருந்தால் சுருங்கச் சுருங்கத் தகைவு ஏறும், மாற்ற வெப்பநிலையும் கூடவே ஓடும். இயந்திரம் எங்காவது சிக்கிக்கொண்டு கம்பி சுருங்கவே முடியாமல் போனால், மின்சாரம் தொடரத் தொடரத் தகைவு சில நூறு மெகாபாஸ்கல் வரை ஏறிக் கம்பியை நிரந்தரமாக இழுத்துவிடும். பிறகு அது பழைய நீளத்துக்கு வராது. வரிசையில் ஒரு காப்பு ஸ்பிரிங் வையுங்கள். சிக்கினால் அது நீளட்டும். நீண்ட ஆயுள் வேண்டுமானால் 3, 4 சதவீதச் சுருக்கத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். 8 சதவீதம் என்று விளம்பரத்தில் போடுவது ஓரிரு முறைக்கானது.

பற்சக்கரம்

காப்பு ஸ்பிரிங் இல்ல. அதான் போன கம்பி போச்சு போல. நன்றிண்ணா.

நெறியாளர்

ஆக்சுவேட்டர் கேள்விகளைத் தனி இழையாகத் தொடங்கினால் தேடுபவர்களுக்கு வசதி. இங்கே தணிப்பானோடு தொடரலாம்.

பாலம்கட்டி

கட்டமைப்புப் பக்கத்திலிருந்து ஓர் எதிர்க்குரல். ஆய்வகத்தில் 23-ஆ 29-ஆ என்று பார்ப்பதெல்லாம் சரி. தணிப்பான் வெளியில்தானே நிற்கப்போகிறது? குளிர் நாட்டில் மைனஸ் 20 முதல் வெயிலில் 50 வரை போகும் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 70 டிகிரி வித்தியாசம். 6.5-ஆல் பெருக்கினால் 455 மெகாபாஸ்கல். அதாவது உங்கள் சமதளத்தின் அளவுக்கே நகர்வு! ஏ-எஃப் 12 டிகிரி இருக்கும் கம்பி குளிர்காலத்தில் சூப்பர்எலாஸ்டிக்கே இல்லை. இழுத்தால் அப்படியே நீண்டு நிற்கும். நிலநடுக்கம் பருவம் பார்த்து வருவதில்லை.

இத்தாலியில் 1997 நிலநடுக்கத்தில் சேதமான அசிசி புனித பிரான்சிஸ் பேராலயத்தைச் சீரமைத்தபோது இந்த வகை உலோகத்தை வைத்த இணைப்புகளைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் சியாட்டிலில் ஒரு நெடுஞ்சாலை இறங்குபாதையின் தூண்களில் நிட்டினால் கம்பிகள் இருக்கின்றன. ஆகவே முடியாத காரியம் என்று சொல்லவில்லை. வெப்பநிலைச் சாளரத்தைப் பார்க்காமல் செய்யக்கூடாது என்கிறேன்.

வாணி

//குளிர்காலத்தில் சூப்பர்எலாஸ்டிக்கே இல்லை//

உடம்புக்குள் 37 டிகிரி என்று நிச்சயமாக இருப்பதுதான் எங்கள் துறையின் அதிர்ஷ்டம். நிட்டினால் அதிகம் ஜெயித்த இடம் ஸ்டென்ட்டும் பல் சீரமைப்புக் கம்பியும் என்பது தற்செயல் இல்லை.

உலோகன்

பாலம்கட்டி சொல்வது நியாயம். கீழே ஏ-எஃப், மேலே எம்-டி என்று இரண்டு எல்லை இருக்கிறது. ஏ-எஃப்புக்குக் கீழே போனால் பாரத்தை எடுத்தும் திரிபு முழுசாகத் திரும்பாது, சூடாக்கினால்தான் திரும்பும். மேலே போகப் போக மாற்றத்துக்கான தகைவு ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் ஆஸ்டினைட்டே நிரந்தரமாக இளகிவிடும் தகைவை எட்டிவிடும். அதற்கு மேல் மாற்றம் நடக்காது, சாதா உலோகம் மாதிரி வளைந்து போகும். இடையில் நன்றாக வேலை செய்யும் அகலம் வணிகக் கம்பிகளில் 40 முதல் 60 டிகிரிதான். எம்-டி என்பது டிஎஸ்சியில் தெரியாது, இழுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளிப்புறக் கட்டமைப்புக்குச் செம்பு-அலுமினியம்-மாங்கனீசுக் கலவையைப் பாருங்கள். அதன் சரிவு டிகிரிக்கு 2, 3 மெகாபாஸ்கல் அளவில்தான். சமதளத் தகைவும் குறைவு என்பதால் தடிமன் கூடும், அது வேறு செலவு. மணிகள் கம்பி விட்டத்தைவிடப் பெரிதாக, மூங்கில் கணு மாதிரி அடுக்கி வளர்ந்தால்தான் நல்ல திரிபு கிடைக்கும். செம்பு-அலுமினியம்-நிக்கல் பக்கம் போகாதீர்கள். தனிப்படிகமாக அருமையானது, பல்படிகமாக மணி எல்லையில் விரிசல் விட்டு உடைந்துவிடும்.

பாலம்கட்டி

இரும்பு-மாங்கனீசு-சிலிகானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சூப்பர்எலாஸ்டிக்காக வேலை செய்யாது. முன்கூட்டியே இழுத்துப் பொருத்தி, இரு முனையையும் பிடித்து, 160 முதல் 200 டிகிரி வரை சூடாக்கினால் சுருங்க முயன்று 300 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவிசை தரும். பழைய கான்கிரீட் விட்டங்களுக்கு ஹைட்ராலிக் ஜாக் இல்லாமல் முன்தகைவு கொடுக்க இது கெட்டிக்காரத்தனமான வழி. தணிப்பானுக்கு ஆகாது, ஆனால் யாராவது தேடி வந்தால் தெரியட்டும்.

தம்பிக்கு இன்னொரு கேள்வி. நிலநடுக்க அதிர்வெண் 0.1 முதல் சில ஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் கண்ணி பெரிதாகுமா, சுருங்குமா? சூடானால் சமதளம் ஏறுகிறது, ஆகவே அதிக ஆற்றலை விழுங்கும் என்று எழுதுகிறார்கள் சிலர்.

அனல்மொழி

பாதி உண்மை. ரொம்ப மெதுவாக இழுத்தால் வெப்பம் அவ்வப்போது வெளியேறிவிடும், கண்ணி அதன் அடிப்படை அகலத்தில் இருக்கும். நடுத்தர வேகத்தில் ஏறும்போது சூடு, இறங்குவதற்குள் கொஞ்சம் ஆறி, இறங்கும்போது குளிர்ச்சி. மேல் சமதளம் ஏறும், கீழ்ச் சமதளம் இறங்கும், கண்ணி பெருக்கும். இன்னும் வேகமாகப் போனால் ஏறும்போது சேர்ந்த சூடு வெளியேற நேரமே இல்லை. அதே சூட்டோடு கம்பி இறங்க ஆரம்பிக்கும், கீழ்ச் சமதளமும் மேலே தள்ளப்படும், கண்ணி ஒடுங்கும். ஆக ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். அந்த உச்சி எந்த வேகத்தில் வரும் என்பதைக் கம்பி ஆறும் நேரமும் மாற்றம் நடக்கும் நேரமும் சேர்ந்து முடிவு பண்ணும்.

உங்கள் நிலநடுக்க வேகம் பெரும்பாலும் உச்சிக்கு அந்தப் பக்கம். மெதுவாக இழுத்து அளந்த கண்ணிப் பரப்பை வைத்துத் தணிப்பு விகிதம் கணக்கிட்டால் நிஜத்தைவிட அதிகமாக நம்பிவிடுவீர்கள். தொடர் அதிர்வில் கம்பியின் சராசரி வெப்பநிலையும் சுழற்சிக்குச் சுழற்சி ஏறும், ஏனென்றால் கண்ணிக்குள் விழுங்கிய ஆற்றல் அத்தனையும் வெப்பமாகத்தான் போக வேண்டும்.

கம்பிக்காரன்

அப்படியானால் சான்றிதழில் இருக்கும் 480-க்கு என்னதான் மதிப்பு?

உலோகன்

ஒரு கம்பிச்சுருளை இன்னொன்றோடு ஒப்பிட மதிப்பு உண்டு. எஃப்2516 என்ன சொல்கிறது? அறை வெப்பநிலையில், மெதுவாக, 6 சதவீதம் வரை இழுத்து, இறக்கி, பிறகு முறியும் வரை இழு. மேல் சமதளத் தகைவை ஏறும்போது 3 சதவீதத்தில் படி, கீழ்ச் சமதளத்தை இறங்கும்போது 2.5 சதவீதத்தில் படி. எல்லோரும் அதே விதத்தில் அளந்தால் சரக்கு மாறியதா என்று தெரியும். அதுவே டிசைன் எண் என்று அந்தத் தரநிலை எங்கும் சொல்லவில்லை.

மாடலுக்கு வருவோம். நீங்கள் பயன்படுத்துவது ஔரிக்கியோ என்ற ஆய்வாளர் வழி வந்த சூப்பர்எலாஸ்டிக் மாடல்தானே? ஏறும் மாற்றம் தொடங்கும் தகைவு, முடியும் தகைவு, இறங்கும்போது அதே இரண்டு, ஆஸ்டினைட்டுக்கும் மார்ட்டென்சைட்டுக்கும் தனித்தனி யங் குணகம், மாற்றத் திரிபு, அழுத்தும்போது தொடங்கும் தகைவு என்று கேட்கும். குறிப்பு வெப்பநிலையும் (மற்ற எண்களை அளந்த வெப்பநிலை) டிகிரிக்கு எவ்வளவு என்ற சரிவும் கேட்கும் பெட்டிகள் கீழே இருக்கும், பலர் காலியாக விட்டுவிடுவார்கள். அவற்றை நிரப்புங்கள். மூன்று வெப்பநிலையில் தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக இழுத்தால் சரிவு கிடைத்துவிடும். பழக்கிய கம்பியில் இழுங்கள். வேக விளைவு அந்த மாடலுக்குத் தெரியாது. வெப்பப் பகுப்பாய்வோடு இணைத்து உள்ளுறை வெப்பத்தையும் கொடுத்தால்தான் வரும். முடியாவிட்டால் தணிப்பான் ஓடும் வேகத்திலேயே ஒரு சோதனை செய்து, அந்தக் கண்ணிக்கு எண்களைப் பொருத்துங்கள். அறிக்கையில் அந்த வேகத்தையும் வெப்பநிலையையும் எழுதிவிடுங்கள்.

கம்பி இழுவையில் மட்டும் இருந்தால் அழுத்தத் தகைவு பற்றிக் கவலை வேண்டாம். வளைத்தால் வேண்டும். நிட்டினால் அழுத்தத்தில் கூடுதல் தகைவு கேட்கும், குறைவான மாற்றத் திரிபு தரும். நடு அச்சு அழுத்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

வாணி

அயர்ச்சியையும் (திரும்பத் திரும்ப இழுத்து உடைவது) விட்டுவிடாதீர்கள். எங்கள் துறையில் தகைவை வைத்து ஆயுள் பேசுவதில்லை, திரிபு வீச்சை வைத்துப் பேசுவோம். சமதளத்தில் தகைவு மாறாமல் திரிபு மட்டும் 1-லிருந்து 6 சதவீதம் போகிறதே, அங்கே தகைவுக்கு என்ன அர்த்தம்? ஒரு கோடிச் சுழற்சி தாண்ட வேண்டுமானால் திரிபு வீச்சு 0.4 சதவீதத்துக்குப் பக்கம் என்பது கை எண். ஸ்டென்ட்டுக்குப் பத்து வருடத் துடிப்பாக 40 கோடிச் சுழற்சி கேட்பார்கள். சராசரித் திரிபு கூடினால் ஆயுள் குறையும் என்ற எஃகுப் பாடம் இங்கே அப்படியே பொருந்தாது, சமதளத்துக்குள் இருக்கும் சில சராசரிகளில் ஆயுள் கூடவும் செய்கிறது.

உலோகன்

ஒரு திருத்தம் சேர்க்கிறேன். திரிபு வீச்சை மாற்றாமல் வெப்பநிலையை மட்டும் ஏற்றினால் ஆயுள் குறைகிறது. சமதளத் தகைவு ஏறியதுதான் காரணம். ஆகவே தகைவை முழுசாகத் தூக்கிப் போட முடியாது. எந்த வெப்பநிலை என்று சொல்லாத 0.4-ஐ நான் ஏற்க மாட்டேன்.

வாணி

37 டிகிரி. எங்களுக்கு வேறு வெப்பநிலை இல்லை :) ஆனால் தணிப்பானுக்கு நீங்கள் சொல்வது சரி. உடைவது பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டிய கார்பைடு, ஆக்சைடு துகள்களிலிருந்துதான் தொடங்கும். இரண்டு சரக்கின் சமதளம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும், ஆயுள் பல மடங்கு வேறுபடும்.

2015-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு டைட்டானியம்-நிக்கல்-செம்பு மெல்லிய படலம் ஒரு கோடி முறை மாறியும் நடத்தை குலையவில்லை என்று வந்தது. இரண்டு படிக அமைப்புகளும் எல்லையில் நன்றாகப் பொருந்தும்படி கலவை அமைந்ததுதான் அங்கே சூட்சுமம். படலம் அது, கம்பியில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கம்பிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர்த் தொட்டி செய்யக் கொடுத்திருக்கிறேன், தெர்மோகப்பிளையும் கம்பியிலேயே ஒட்டப்போகிறேன். கைடிடம் சரிவுக் கணக்கைக் காட்டினேன், சராசரி யோசனையைக் கைவிட்டுவிட்டார்.

கடைசியாக ஒன்று. சமதளத்துக்கு முன்னால், அரை சதவீதத் திரிபுக்குள், நேர்க்கோடு லேசாக மடங்குகிறது. அதற்கு முன்னும் பின்னும் சேர்த்துச் சாய்வு எடுத்தால் யங் குணகம் 45 கிகாபாஸ்கல்தான் வருகிறது. ஆஸ்டினைட்டுக்கு 70, 80 வர வேண்டாமா? குளிர்ந்த காலையில் அந்த மடிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

உலோகன்

அது ஆர்-கட்டம். ஆஸ்டினைட்டுக்கும் மார்ட்டென்சைட்டுக்கும் நடுவே வரும் இன்னொரு அமைப்பு, கனசதுரத்தை மூலைவிட்டத்தில் லேசாக நீட்டிய மாதிரி. நிக்கல் அதிகமாகி, 400-களில் சூடு வாங்கிய கம்பிகளில் சகஜம். அதன் மாற்றத் திரிபு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஹிஸ்டரிசிஸ் (சூடாக்கும்போதும் ஆறும்போதும் மாறும் வெப்பநிலைகளின் இடைவெளி) சில டிகிரிதான். அதனால் தனிச் சமதளமாகத் தெரியாமல் ஒரு மடிப்பாகத் தெரிகிறது. குளிர்ந்தால் அது சுலபமாகப் பிறக்கும், ஆகவே காலையில் பளிச்சென்று தெரிகிறது. டிஎஸ்சியில் ஆறும்போது இரண்டு முகடு வந்தால் உறுதி.

குணகத்தை மடிப்புக்கு முன்னால் இருக்கும் துண்டில் மட்டும், எக்ஸ்டென்சோமீட்டரை மாட்டி எடுங்கள். இன்னும் குறைவாக வந்தால் தொட்டியை 40, 50 டிகிரிக்குச் சூடாக்கி அங்கே ஒரு முறை எடுங்கள். அந்த வெப்பநிலையில் ஆர்-கட்டம் ஒதுங்கிவிடும், கிடைப்பது ஆஸ்டினைட்டின் குணகம். மாடலில் அதைப் போட்டால் முதல் அரை சதவீதத்தில் உங்கள் தணிப்பான் நிஜத்தைவிட விறைப்பாகத் தெரியும். சிறிய அதிர்வுகள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் 45-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.